தூங்கி எழுந்தால் வேந்தர்

தமயந்தியின் கணவர் காலையில் கண் விழித்ததும் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சொல்லுங்கள் தாயே, மனு கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"மனு இல்லீங்க. காப்பிதான் இருக்கு."

"தாய்மார்கள் தரும் காப்பியை நான் என்றைக்கும் மறுத்ததில்லை." டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை வலதுபக்கம் நிற்கும் உதவியாளரிடம் நீட்டினார். வலதுபக்கம் யாரும் நிற்கவில்லை. காப்பி போர்வையில் கொட்டியது. நேற்றும் அங்கேதான் கொட்டியது. தமயந்தி போர்வையை உருவிக்கொண்டு போய் ஊறப்போட்டாள்.

அவர் பெயர் பெருவழுதி. தமிழாசிரியராக இருந்த அப்பா ஆசையாக வைத்த பெயர். ஊருக்கு அவர் வெறும் வழுதி. திருச்சியில் பால்பண்ணைப் பக்கம் 'வழுதி ஃப்ளெக்ஸ்' என்று ஒரு கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. நிலாவில் நெல் நட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. செவ்வாய்க் கிரகத்தில் மனைப்பிரிவு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். இருந்தும் தமிழ்நாட்டில் ஒரு தலைவர் ஊருக்குள் நுழைகிறார் என்றால் ஃப்ளெக்ஸ் வைத்தாக வேண்டும். அறிவியல் என்னென்னவோ செய்து பார்த்தது, அந்தப் பழக்கத்தை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை.

முதலமைச்சரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, பட்டம்தான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். அப்போது நடப்பில் இருந்த பட்டம் 'விண்தொட்ட வேந்தர்'. அந்த வேந்தரின் முகத்தை ரவுண்டானாவில் நாலு மாடி உயரத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. வேந்தரின் மூக்கிலிருந்து வழுதி கீழே விழுந்தார். உயிர் பிழைத்தது. தான் யார் என்பதுதான் திரும்பி வரவில்லை.

நினைவெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை என்றார் டாக்டர். அதற்கும் அரசாங்கத்திடம் ஒரு இலவசத் திட்டம் இருந்தது. 'வேந்தர் நினைவுக்கொடைத் திட்டம்.' நினைவுநல வாரியத்திலிருந்து வந்து, காதுக்குப் பின்னால் ஏலக்காய் அளவில் ஒரு சிப் வைத்துத் தைத்தார்கள். பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த சிப்புக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். உலகத்தில் எல்லாக் கணினிக்கும் இருப்பதுபோல அதற்கும் ஒரு பெயர் உண்டு, ஹோஸ்ட்நேம் என்பார்கள். மேசை மேல் இருக்கும் கணினிக்கு யார் என்ன பெயர் வைத்தாலும் அது கண்டுகொள்ளாது. இந்த சிப் அப்படி இல்லை. தூங்கி எழுந்ததும் மூளைக்கு அது முதலில் சொல்வது தன் பெயரைத்தான். அதையே மனுஷன் தன் பெயர் என்று எடுத்துக்கொள்வான், மிச்ச ஞாபகமெல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வரும். வழுதிக்குத் தினமும் காலையில் வந்த பெயர் விண்தொட்ட வேந்தர்.

தமயந்தி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவள். "என்னங்க"விலேயே காலத்தை ஓட்டியவள். இப்போது விடிந்தால் அவர் முகத்துக்கு நேரே, "உங்க பேரு பெருவழுதிங்க, பெருவழுதி" என்று பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி மத்தியானத்துக்குள் வேந்தர் மெல்ல இறங்கிப் போவார், வழுதி வந்து உட்காருவார். "என்ன தமயந்தி, முகமெல்லாம் வாடியிருக்கு?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் காலை முழுக்கத் தொண்டை வறண்டது. சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தாரானால் எல்லாம் போச்சு. எழுந்ததும் கும்பிடுவார்.

டாக்டர் வேறு ஒரு கெடு வைத்தார். "மூளை இப்ப ஈர சிமெண்ட் மாதிரிம்மா. தை மாசத்துக்குள்ள இறுகிடும். அப்ப காலையில எந்தப் பேரு வருதோ, அவருதான் காலத்துக்கும்."

ஐப்பசி பிறந்திருந்தது.

தமயந்தி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் சிப்போடு கொடுத்த செயலியில் பெயரை மாற்றினாள். திரையில் அழகாக 'பெருவழுதி' என்று வந்தது, பக்கத்தில் ஒரு பூகூட வந்தது. மறுநாள் காலை வேந்தர் எழுந்து மனு கேட்டார். உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். வேந்தரின் பொற்கால ஆட்சியைப் பற்றி நீளமாக ஒரு பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் பேசினாள்.

"ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்."

"எதைம்மா?"

"உங்க வீட்டுக்காரரத்தான் மேடம்."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதில் வேந்தர் இன்னும் புத்துணர்ச்சியோடு வந்தார். எதிர்க்கட்சியையும் திட்டினார்.

தமயந்தியின் பிரிண்டிங் மெஷினும் லினக்ஸில்தான் ஓடியது. மெஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் அவளே உட்கார்ந்து குடைந்து சரிபண்ணுவாள். அந்தத் தைரியத்தில் கணவரின் காதுக்குப் பின்னால் ஒயரை மாட்டி, சிப்பின் பெயர் எழுதியிருக்கும் ஃபைலையே திறந்து, வேந்தரை அழித்துவிட்டுத் தன் கணவர் பெயரை எழுதினாள். சேமித்தாள். மறுபடி திறந்து பார்த்தாள், பெயர் இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் கண் விழித்தபோது கணவர் ஜன்னலோரம் நின்று தெருநாய்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

இப்படியே இரண்டு மாதம் போனதும், வேறு வழியில்லாமல் அவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி நினைவுநல வாரியத்துக்குப் போனாள்.

வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தை அவளால் மறக்க முடியாது. கூடம் நிறைய ஆண்கள். அத்தனை பேரும் வேந்தர். ஒவ்வொருவரும் மற்றவர்களைத் தொண்டர்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் எழுந்து நின்று, "என் உயிரினும் மேலான" என்று ஆரம்பித்தார், மற்ற எல்லாரும் அதே நேரத்தில் எழுந்து அதையே சொன்னார்கள். பிறகு யாரும் யாருக்கும் கைதட்டாததால் எல்லாருக்கும் மனசு கஷ்டமாகிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மனைவிமார் சுவரோரம் பையோடு நின்றார்கள்.

"நான் விட்டுட்டேன்க்கா," என்றாள் பக்கத்தில் நின்றவள். "இவரு இவரா இருந்தப்ப தெனமும் குடி, அடி. வேந்தரானதுலேருந்து மதுவிலக்கப் பத்திப் பேசறாரு. ஒரு சொட்டுத் தொடறதில்ல. எதுக்கு மாத்தணும்?"

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"நாக்கு வறளாம பேசறதுக்கு மாத்திரை குடுக்கறாங்களாம்."

தமயந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இருந்த இன்ஜினியர் பெயர் ஜெபராஜ். சிப்பைச் சோதித்தவர், அவள் செய்திருந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஃபைல்ல நீங்களே மாத்தியிருக்கீங்களாம்மா? கரெக்டாத்தான் பண்ணியிருக்கீங்க. பாருங்க, இதுக்கு மூணு பேரு உண்டு. செயலியில தெரியறது சும்மா அலங்காரப் பேரு, அத மாத்தினா சிப்புக்கு உறைக்காது. ஃபைல்ல இருக்கறது நிலையான பேரு. மூணாவது, நெட்வொர்க்லேருந்து வந்துபோற பேரு."

"நிலையான பேரத்தானே சார் மாத்தினேன்? அது ஏன் நிக்கல?"

"தூங்கி எழுந்தா சிப் புதுசா ஆரம்பிக்குது. ஆரம்பிச்ச உடனே நம்ம வாரியத்துல எல்லா சிப்புக்கும் பொதுவா இருக்கற தாய்ப்பிரதியப் போய்க் கேக்கும். தாய்ப்பிரதி, உன் பேரு இதுன்னு மேல எழுதிடும். நீங்க எழுதினது அழிஞ்சுடும்."

"தாய்ப்பிரதியில வேந்தர் பேரு எப்படி வந்துச்சு?"

"திட்டத்துக்கு அவரு பேருதானே? மாதிரி சிப்ல கம்பெனிக்காரன் அதையே போட்டுக் குடுத்தான். ஒவ்வொருத்தருக்கும் வைக்கறப்ப அவங்கவங்க பேர மாத்திக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனான். இங்க யாரும் மாத்தல."

"ஏன் சார்?"

ஜெபராஜ் சுவரைப் பார்த்தார். சுவரில் வேந்தர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னை ஏன் சார் மனு குடுக்க வந்தவளா பாக்கறாரு? அதையாவது சொல்லுங்க."

"பேரு கிடைச்சதும், அந்தப் பேருக்கு வீடு எது, பொண்டாட்டி யாருன்னு முகவரி சர்வர்ல தேடும்மா. உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லித் தேடினா திருச்சி வரும், நீங்க வருவீங்க. வேந்தர்னு தேடினா கோட்டை வரும், பொதுமக்கள் வருவாங்க."

"இதுக்கு என்னதான் வழி?"

"ஒரே ஒரு வரிம்மா." ஜெபராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "'பெயரைக் காப்பாற்று: ஆம்.' இந்த வரிய உங்க வீட்டுக்காரர் கணக்குல சேத்துட்டா, தாய்ப்பிரதி அவரு பேரத் தொடாது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்."

"அடிங்க சார்."

"டைரக்டர் சொன்னா அடிச்சுடறேன்."

டைரக்டர் சிவப்பிரகாசம் நல்ல மனுஷர். தமயந்தியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கதையைக் கேட்டுக் கண்கூடக் கலங்கினார். பிறகு கதவைச் சாத்தினார்.

"ஒரு வரிதான்மா. எனக்கும் தெரியும். ஆனா அந்த வரியால என்ன ஆகுது? ஒரு சிப்லேருந்து வேந்தர் பேரு போகுது. எடுக்கறதுங்கற வார்த்தையே இந்த ஆபீஸ்ல கூடாது. எனக்கு முன்னால இருந்தவர், ஒரு ஜட்ஜோட மச்சினருக்கு இரக்கப்பட்டு எடுத்துக் குடுத்தாரு. மறுநாள் பேப்பர்ல 'வேந்தர் பெயர் நீக்கம், வாரியத்தில் சதி'ன்னு கொட்டை எழுத்துல போட்டான். அவரு இப்ப கடல்பாசி ஆராய்ச்சிப் பிரிவுல இருக்காரு. அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது."

"எம் புருஷனுக்கு என்ன யாருன்னு தெரியல சார்."

"அவரு ரொம்ப சந்தோஷமா இருக்காரேம்மா," என்றார் டைரக்டர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வழுதி, ஒரு பியூனின் தோளில் கைபோட்டு அவருடைய கோரிக்கைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பியூனும் சொல்லிக்கொண்டிருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

தமயந்திக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. ஆளுக்கு ஆள் நல்லவர்கள், ஆளுக்கு ஆள் விவரம் தெரிந்தவர்கள். அத்தனை பேரும் ஒரு வரிக்குப் பயந்து சாகிறார்கள்.

வெளியே வரும்போது ஜெபராஜ் வராந்தாவரை கூடவே வந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. எடுக்கறதுன்னாதான் ஆயிரம் கேள்வி. சேக்கறதுன்னா யாரும் கேக்க மாட்டாங்க. முன்னால தாய்ப்பிரதியில 'தென்னகத்துத் தேன்மழை'ன்னு இருந்துச்சு. சேலத்துல எவனோ விண்தொட்ட வேந்தர்னு ஒரு ஃப்ளெக்ஸ் வச்சான். மத்தியானத்துக்குள்ள எல்லா ஆபீஸ்லயும் மாத்திட்டாங்க. டைரக்டர் எங்கிட்ட ஓடியே வந்தாரு. ஒரு கையெழுத்துக்கூட கேக்கல."

தமயந்தி படியில் நின்றுவிட்டாள். "ஒரு ஃப்ளெக்ஸா?"

"ஒரே ஒரு ஃப்ளெக்ஸ்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வேந்தர் ஜன்னல் வழியாக வயல்களுக்குக் கையசைத்துக்கொண்டு வந்தார். தமயந்தி அவரைத் தடுக்கவில்லை. அவள் மனசுக்குள் எழுத்துருத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் தங்கமுத்து கடைக்கு வந்தார். முதலமைச்சர் திருச்சிக்கு வருகிறார், வரவேற்பு ஃப்ளெக்ஸ் வேண்டும். எதிர்க்கோஷ்டிக்காரர்கள் வைப்பதைவிட ஒரு முழமாவது பெரிதாக வேண்டும்.

"பெருசா வச்சா மட்டும் போதுமாண்ணே?" என்றாள் தமயந்தி. "எல்லாரும் வேந்தர் வேந்தர்னுதான் போடறாங்க. நீங்க புதுசா ஒரு பட்டம் குடுத்தா, குடுத்தவரு யாருன்னு மேல கேக்க மாட்டாங்களா?"

தங்கமுத்துவின் கண்ணில் கொடிகட்டிய கார் ஒன்று ஓடியது. "என்ன பட்டம் போடலாம்?"

"பெருவழுதின்னு போடுங்க. வெறும் பெருவழுதி. முன்னாடி பின்னாடி ஒண்ணும் வேணாம்."

"அப்படின்னா?"

"பாண்டிய ராஜாண்ணே."

"உங்க வீட்டுக்காரர் பேரு மாதிரி இருக்கே?"

"அவரு எங்கண்ணே, ராஜா எங்கண்ணே," என்று தமயந்தி சிரித்தாள்.

ஃப்ளெக்ஸ் ஏறியது. 'பெருவழுதியே வருக.' அதற்குப் பிறகு தமயந்தி ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை, நாடு பார்த்துக்கொண்டது. காலையில் அதைப் பார்த்த எதிர்க்கோஷ்டிக்காரர்கள் தாங்கள் பின்தங்கிவிட்டோமே என்று பதறி, ஊரெல்லாம் பெருவழுதி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஒரு மந்திரி சட்டசபையில் மூச்சுக்கு மூச்சு பெருவழுதி என்றார். இன்னொரு மந்திரி, தான் சின்ன வயசிலிருந்தே மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவதாகச் சொல்லி அழுதார். பெருவழுதி என்றால் என்ன என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை, கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவோமே. நினைவுநல வாரியத்தில் டைரக்டர் சிவப்பிரகாசம் ஜெபராஜிடம் ஓடினார்.

மறுநாள் காலை தமயந்தி காப்பியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கண்ணைத் திறந்தார், கொட்டாவி விட்டார், தலையைச் சொறிந்தார்.

"தமயந்தி, அந்தக் காதுகுத்து ஃப்ளெக்ஸ் பிரிண்ட் போயிடுச்சா? இன்னிக்கு டெலிவரியாச்சே."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவர் ஒன்றும் புரியாமல், "காதுகுத்துதானே, நாளைக்குக் குடுத்துக்கலாம் விடு" என்று முதுகைத் தட்டினார். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். தமயந்தி பக்கத்திலேயே உட்கார்ந்து குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்ததும் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அவளுக்கு இனி உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலையில் முன்பின் தெரியாத ஒரு ஆள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கட்டுமஸ்தான ஆள், கட்டம் போட்ட சட்டை, தோளில் பழைய துண்டு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வாளியில் இருந்த தண்ணீரை மொண்டு காலைக் கழுவிக்கொண்டு, "தமயந்தி, என்னா வெயிலு! ஒரு சொம்புத் தண்ணி குடு" என்றார்.

தமயந்தி வாசலுக்கு வந்தாள். "யாருங்க நீங்க?"

"விளையாடாத. என்னைத் தெரியலயா? பெருவழுதி."

அவர் திண்டு மாதிரி அடுக்கியிருந்த ஃப்ளெக்ஸ் சுருள்மேல் உட்கார்ந்து விசிறிக்கொள்வதற்குள் இன்னொருவர் வந்தார், அவருக்குப் பின்னாலேயே ஒரு ஆட்டோவில் இரண்டு பேர். எல்லாருக்கும் அவள் பெயர் தெரிந்திருந்தது. எல்லாரும் அவளைப் பாசமாகப் பார்த்தார்கள். மற்றவர்களை மட்டும், இவனெல்லாம் யார், என் வீட்டில் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று முறைத்தார்கள்.

ஜெபராஜுக்குப் போன் போட்டாள்.

"பேரு மாறினா முகவரி சர்வர்ல தேடும்னு சொன்னேன்லம்மா. பெருவழுதின்னு தேடினா ஒரே ஒரு விலாசம்தான் வருது."

"வேந்தரா இருந்தப்ப யாரும் வீட்ட விட்டுக் கிளம்பலையே சார்?"

"தலைவர் எங்கம்மா தானா நடப்பாரு? கார் வரட்டும்னு உக்காந்துக்கிட்டிருந்தாங்க. உங்க வீட்டுக்காரர் சாதாரண மனுஷன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடறாரு."

"எத்தன பேரு வருவாங்க?"

"திட்டம் தமிழ்நாடு பூராவுக்கும்மா."

அவள் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். தான் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களின் கணவர்களையும் பெயர் மாற்றித் தன் வாசலுக்கு வரவழைத்துவிட்டாள், தன் கணவர் ஒருவருக்காக. வாரியத்துக்காரர்கள் பயத்தில் செய்ததை அவள் ஆசையில் செய்திருந்தாள்.

வழுதி இவை எதுவும் தெரியாமல் உள்ளே கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். வந்தவர்களை வாடிக்கையாளர்கள் என்று நினைத்து, "உக்காருங்க, இதோ முடிச்சிட்டு வரேன்" என்று குரல் கொடுத்தார். எதிர்க்கோஷ்டி நகரச் செயலாளர் காலையிலேயே ஆள் அனுப்பியிருந்தார். தங்கமுத்து புதுப்பட்டம் கொடுத்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான், நாளைக்குள் அதைவிடப் புதுசாக ஒரு பட்டம் வேண்டும், எதுவானாலும் சரி, இதுவரை யாரும் போடாததாக இருக்க வேண்டும். ஃப்ளெக்ஸில் தலைவர் படம், மாலை, நகரச் செயலாளர் படம் எல்லாம் வைத்தாயிற்று. நடுவில் பட்டத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

பத்து மணி வெயிலில் ஒரு பெண் வழி விசாரித்துக்கொண்டே ஓடி வந்தாள். முதலில் வந்த கட்டம் போட்ட சட்டைக்காரரைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம். புள்ள அழுவுது."

அவர் கையை விடுவித்துக்கொண்டார். கோபமில்லாமல், வழிதவறி வந்தவளிடம் சொல்வதுபோல, "நீங்க யாருன்னு தெரியலயேம்மா. தமயந்தி, இவங்கள யாருன்னு கேளு" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைத் தமயந்தியால் பார்க்க முடியவில்லை. அந்த முகம் அவளுக்குத் தெரியும். எத்தனையோ காலை அவளே அதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வந்தவள் பெயர் பரிமளா, புதுக்கோட்டை. கணவர் காத்தமுத்து, தச்சு வேலை. பரண் கட்டும்போது விழுந்தவர். பரிமளா கடையைச் சுற்றிப் பார்த்தாள். பெயர்ப்பலகையைப் பார்த்தாள், சுவரில் சாய்த்து வைத்திருந்த 'பெருவழுதியே வருக' மாதிரியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதானாக்கா இந்தப் பேரப் போட்டது?"

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது.

"எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்கக்கா," என்றாள் பரிமளா. "காத்தமுத்துன்னு. ஒரு நாளாவது அவருக்கு என்னைத் தெரியட்டும்."

உள்ளே கணினியில் ஃப்ளெக்ஸின் நடுவில் விட்டிருந்த காலி இடம் தமயந்தியின் கண்முன் வந்து நின்றது. அதில் காத்தமுத்து என்று போட்டால் நாளை மத்தியானத்துக்குள் நாடு முழுக்கக் காத்தமுத்து. மறுநாள் காலை வழுதி எழுந்து, புதுக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று அவளிடமே கேட்பார். தைக்கு இன்னும் நாள் அதிகமில்லை. அதற்குள் மறுபடி வேறொரு தங்கமுத்து கிடைப்பானா?

"மெஷின் ரிப்பேரும்மா," என்றாள் தமயந்தி. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். சொன்ன குரலைக் கேட்டு அவளுக்கே கூசியது.

"என்ன ரிப்பேரு? நல்லாத்தானே ஓடுது?" வழுதி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். வேலை வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது அவருக்குப் பிடிக்காத விஷயம். "என்னம்மா வேணும்?"

பரிமளா சொன்னாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், சிப், வாரியம், பட்டம், பஸ், தன் குழந்தை. வழுதி காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு ஃப்ளெக்ஸ் சுருள்மேல் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் இவரை முறைத்தார்கள்.

"நிஜமா தமயந்தி?"

அவள் தலையாட்டினாள். "வேணாங்க," என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தது. கேட்டால் அவர் வழுதி இல்லை. இந்த ஆளைத் திரும்பக் கொண்டுவரத்தான் அவள் இத்தனை பாடுபட்டாள்.

அவர் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். காலி இடத்தில் 'காத்தமுத்து' என்று அடித்தார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும், பெரிதாக்கினார், நடுவில் நகர்த்தினார், பின்னால் ஒரு தங்க நிறம் கொடுத்தார். தள்ளி உட்கார்ந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

"நாளன்னிக்கு நான் புதுக்கோட்டைக்குப் போயிருப்பேன்," என்றார் திரையைப் பார்த்தபடியே. "இவங்ககிட்ட விலாசம் வாங்கி வச்சுக்க. வந்து கூட்டிக்கிட்டு வந்துடு."

மெஷின் ஓட ஆரம்பித்தது. தலைவரின் நெற்றி முதலில் வந்தது, பிறகு கண், மூக்கு.

தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பரிமளாவின் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குப் புளிக்குழம்பு ஒத்துக்காதும்மா," என்றாள். "நெஞ்செரிச்சல் வந்துடும். கேட்டாலும் ஊத்தாதீங்க."